தூணுக்குப் பின்னால் ஒரு வயலின்

ஆரணியின் பரதநாட்டிய அரங்கேற்ற மலரில் அந்த ஐரிஷ் வயலின்காரிக்கு முழுதாக ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். மனோர் பார்க்கிலிருந்து வால்தம்ஸ்டோவுக்கு ஒத்திகைக்குப் போகிற பஸ்ஸில் கணேஸ்வரன் அதை வாசித்தான். வாசித்து முடித்ததும் மூக்கால் சிரித்தான். பக்கத்தில் இருந்த கிழவர் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறானோ என்று சற்று நகர்ந்து உட்கார்ந்தார்.

பெயர் ஓர்லா கின்செல்லா. லிமெரிக்கில் பிறந்து நாலு வயதில் வயலினைத் தொட்டவள். டப்ளினில் படித்து, உபகாரச் சம்பளத்தில் லண்டனுக்கு வந்து, பெரிய இசைக்குழு ஒன்றின் முதல் வயலின் வரிசையில் இருந்திருக்கிறாள். அதுவரைக்கும் கணேஸ்வரனுக்கு ஒரு குறையும் இல்லை. கூத்து அதற்குப் பிறகுதான். வரிசையை விட்டு எழும்பி, கில்பர்ன் மதுச்சாலைகளில் ஐரிஷ் நாட்டுப்பாட்டு. பிறகு ஒரு பொப் பாடகியின் உலகச் சுற்றில் பின்வரிசை. பிறகு டாங்கோ. பிறகு ஜாஸ். பிறகு இருட்டில் நீலமாக ஒளிவிடும் மின்வயலின். இப்போது, 2006ஆம் ஆண்டில், கர்நாடக சங்கீதம். சென்னையில் இரண்டு மாதம் பாடம் கேட்டாளாம். அடுத்த இசைத்தட்டு அதுதானாம். ‘எல்லைகளைக் கடந்த கலைஞர்’ என்று மலரை எழுதியவர் முடித்திருந்தார்.

அப்டன் பார்க்கில், கிரீன் ஸ்ட்ரீட்டில் ஒரு கடை இருக்கிறது. முதலில் டெலிபோன் கார்டு விற்றது. பிறகு சேலை, பிறகு வீடியோ, இப்போது மரக்கறி. பலகைதான் மாறும், கல்லாவில் இருப்பது அதே ஆள். வெண்டிக்காய் முற்றலா பிஞ்சா என்று கேட்டால் அந்த ஆளுக்குத் தெரியாது. கணேஸ்வரனுக்கு அந்தக் கடைதான் ஞாபகம் வந்தது.

அவன் யாழ்ப்பாணத்தில் வயலின் படித்தவன். சூரிச்சில் உணவகமொன்றில் கோப்பை கழுவிய காலத்திலும், இப்போது பேக்கரியில் அதிகாலை ஷிப்ட் செய்கிற காலத்திலும் வேறு பலகை போட்டதில்லை. கிழக்கு லண்டனில் அரங்கேற்றம் என்றால் வயலின் கணேஸ்வரன். மற்றவை எதுவும் மாறலாம். மண்டபம் மாறும், சாப்பாட்டுக்காரர் மாறுவார், பிரதம விருந்தினர் வரமாட்டார். அவனுடைய இடம் மாறியதில்லை. இந்த மலரில் அவனுடைய பெயர் எங்கேயும் இல்லை. அச்சுப்பிழையாக இருக்கும் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறங்கினான்.

அச்சுப்பிழை இல்லை. ஆரணியின் தகப்பன் தில்லையம்பலம் பாடசாலை மண்டப வாசலிலேயே காத்து நின்றார். கட்டட வேலைக் கொந்தராத்துக்காரர். கோயில் நிர்வாகத்திலும் இருந்தார், பிறர் வீட்டு விசேஷங்களை நடத்தி வைப்பதிலும் இருந்தார். ஏதோவொரு விழாவில் ஓர்லா வாசித்ததைப் பார்த்துவிட்டு, வெள்ளைக்காரி ஒருத்தி தமிழ்ப் பிள்ளையின் அரங்கேற்றத்துக்கு வாசித்தால் சனம் காலத்துக்கும் கதைக்கும் என்று முடிவு கட்டியவர். கூப்பிட்டவுடன் அவளும் வந்துவிட்டாள். இசைத்தட்டு செய்வதற்கு முன் ஒரு அரங்கேற்றத்தில் முழுதாக இருந்து பார்க்க வேண்டுமாம்.

இன்றைக்கு இருந்து கேளும், பிறகு கதைப்பம் என்று மட்டும் சொல்லி, அவர் கணேஸ்வரனைப் பின்வரிசையில் இருத்தினார்.

ஒத்திகை தொடங்கியது. ஓர்லா நிலத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்; சற்று நேரத்தில் கால் விறைத்துப்போய் முக்காலி கேட்டாள். முன்னால் தாள்தாங்கி ஒன்றை வைத்திருந்தாள். தோடி வர்ணம் முழுவதையும் அவளுடைய முறையில் எழுதி, கமகம் வருகிற இடமெல்லாம் பென்சிலால் புழுப்புழுவாக நெளித்திருந்தாள். எழுதியதைத் துல்லியமாக வாசித்தாள். அதுதான் கணேஸ்வரனுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. சுருதி பிசகவில்லை, வில்லில் ஒரு நடுக்கம் இல்லை, தோடியும் இல்லை. துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து வைத்த தோடி.

ஒரே அடியைப் பல அபிநயங்களில் விரிக்கிற சஞ்சாரி வந்ததும் ஓர்லா தடம் தவறினாள். ஆரணி தோழியிடம் முறையிடுகிற இடத்தில், நடன ஆசிரியை கல்யாணி கைத்தாளத்தைத் தட்டிக் காட்ட, பாடகி அதே அடியைத் திருப்பித் திருப்பி வேறுவேறு விதமாகப் பாடினாள். தாளில் அந்த அடி இரண்டே முறைதான் இருந்தது. ஓர்லா அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள். பாட்டு ஒரு தெருவில், வயலின் இன்னொரு தெருவில்.

மிருதங்கக்காரன் சவிரிமுத்து வாசிப்பதை நிறுத்தாமலே கணேஸ்வரன் பக்கம் திரும்பி, “மச்சான், வெள்ளைக்காரி எங்களுக்கு முதலே வீட்டை போயிட்டா” என்றான்.

கல்யாணி ஒத்திகையை நிறுத்தினாள். சென்னைக்காரி, யாருடைய மனமும் நோகாமல் பேசத் தெரிந்தவள். தில்லையம்பலத்தை ஓரமாகக் கூட்டிப்போய், “பொண்ணுக்கு இது வாழ்க்கையில ஒரே தடவை நடக்கறது சார், என்னால பொறுப்பு எடுத்துக்க முடியாது” என்று சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

தில்லையம்பலம் அரைமணி நேரம் வாசலில் நின்று யோசித்தார். கொந்தராத்துக்காரருடைய யோசனை. வாசல் சரியில்லை என்றால் கதவைக் கழற்றமாட்டார், முன்னால் ஒரு திரை தொங்கவிடுவார். மேடையில் கோயில் மண்டபம்போல அட்டைத் தூண்கள் வைக்கிறார்கள்தானே? பாட்டுக்காரருக்குப் பின்னால் நிற்கிற தூணுக்கு மறைவில் கணேஸ்வரன் இருக்கட்டும். ஓர்லாவின் மைக்கை மெல்லமாக வைப்பம், இவனுடைய மைக்கைக் கூட்டுவம். சனத்துக்கு அவள் வாசிக்கிற மாதிரி இருக்கும். பாட்டும் தப்பிப் பிழைக்கும்.

“தம்பி, நீர் எங்கட ஆள். உமக்கு இது விளங்கும்” என்றார்.

கணேஸ்வரனுக்கு நன்றாகவே விளங்கியது. முகத்தில் வெந்நீர் ஊற்றியதுபோல் இருந்தது. ஆனால் வாய், மனதைக் கேளாமலே, “ஓம் அண்ணை” என்று சொல்லிவிட்டது. கோயில் நிர்வாகத்தில் இருக்கிறவருக்கு அந்த வாய் எப்போதும் அப்படித்தான் சொல்லிப் பழகியிருந்தது.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் மனம் முழித்துக்கொண்டது. ஓம் என்று சொன்னதும் நல்லதுக்குத்தான். தூணுக்குப் பின்னால் இருக்கலாம், வாசிக்கலாம், சனம் வாயைப் பிளந்து கேட்கிற நேரம் பார்த்து வர்ணத்தின் நடுவில் வில்லைத் தூக்கிவிடலாம். அப்போது அந்தப் புழுக்கள் தனியே நெளியட்டும். இத்தனை நாளும் வாசித்தவன் யார் என்று முழு மண்டபத்துக்கும் அந்த நிமிடத்தில் தெரிந்துவிடும். அதைவிட வேறொன்றும் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை.

கடைசி ஒத்திகையில் ஓர்லாவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. காதுள்ளவளுக்குப் பின்னால் ஒரு வயலின் இழைவது தெரியாமல் போகுமா? கோபப்படுவாள் என்று கணேஸ்வரன் எதிர்பார்த்தான். தேநீர் இடைவேளையில் அவள் கோப்பையோடு வந்து அவனுக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்து, தன் கதையைச் சொன்னாள். பொப் பாடகியோடு சுற்றிய காலத்தில் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் பாட்டு ஏற்கெனவே பதிவாகியிருக்குமாம். வயலின்காரர்கள் வாசிப்பதுபோல் கையை ஆட்ட வேண்டும். சத்தம் வராமல் இருக்க வில்லுக்கு ரோசின் பிசினுக்குப் பதில் சவர்க்காரம் பூசிக் கொடுப்பார்களாம். “பாக்கின் செவ்வியல் இசையைச் சொல்லித்தந்த என் ஆசிரியர், நான் நாட்டுப்பாட்டு வாசித்தால் கையைக் கழுவிவிட்டு வரச் சொல்வார். சவர்க்காரத்தைப் பற்றி அவரிடம் நான் சொல்லவே இல்லை” என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தாள்.

கணேஸ்வரன் சிரிக்கவில்லை. சவர்க்கார வில்லைத் தொட்ட கையால் தோடியைத் தொடுகிறாளே என்றுதான் நினைத்தான். ஏன் ஒன்றிலும் நிலைக்கவில்லை என்று கேட்டான். கேள்வியில் இருந்த விஷத்தை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை. கொஞ்சம் யோசித்து, ஒவ்வொன்றிலும் தான் நல்ல மாணவி என்றும், அதற்கு மேலே எப்படிப் போவதென்று தெரியாததால் அடுத்ததற்குப் போனதாகவும் சொன்னாள். இதை இவ்வளவு இலகுவாகச் சொல்கிறவளை இன்னும் எப்படி இகழ்வது என்று அவனுக்கு ஒரு கணம் தெரியவில்லை. பிறகு, ஒப்புக்கொள்வதையும் ஒரு வித்தையாகவே பழகியிருக்கிறாள் என்று முடிவு செய்து சமாதானம் அடைந்தான்.

அரங்கேற்றத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. பட்டுச் சேலைச் சரசரப்பும், கைக்குழந்தைகளும், வீடியோக்காரரும். முன்வரிசையில் தில்லையம்பலம் கோட் போட்டுக்கொண்டு இருந்தார். மேடையில் ஓர்லா பச்சைச் சேலை உடுத்தி, தலையில் பூ வைத்து முக்காலியில் இருந்தாள். அவள் வில்லைத் தூக்கியபோதே கை தட்டினார்கள். தூணுக்குப் பின்னால் தூசியும் பசை மணமும். கணேஸ்வரனுக்குப் பாடகியின் முதுகும், ஓர்லாவின் இடது தோளும், ஆரணி மேடையின் பின்பக்கம் வரும்போது மட்டும் ஆரணியும் தெரிந்தார்கள்.

அலாரிப்பு, ஜதிஸ்வரம் எல்லாம் ஒழுங்காகப் போயின. வர்ணம் வந்தது. கணேஸ்வரன் அன்றைக்குப்போல் தோடியை என்றுமே வாசித்ததில்லை. கோபத்துக்கும் அந்த ராகத்துக்கும் ஏதோ உறவு இருந்திருக்க வேண்டும். சனம் ஓர்லாவைப் பார்த்துத் தலையாட்டியது. ஆட்டட்டும், இன்னும் கொஞ்ச நேரம்.

பெரிய ஜதி முடிந்து ஆரணி பின்னால் நடந்து வந்து திரும்பி நின்றாள். அந்த இடத்தில் பாடகி சற்று ஓய்வாள், வயலின் அந்த அடியைத் தனியே ஒருமுறை வாசிக்கும். கணேஸ்வரன் வில்லைத் தூக்கி மடியில் வைத்தான். காதைத் தீட்டிக்கொண்டு அந்தப் புழுக்களுக்காகக் காத்திருந்தான்.

ஒன்றும் வரவில்லை.

தூணின் ஓரத்தால் எட்டிப் பார்த்தான். ஓர்லாவும் வில்லை இறக்கி வைத்திருந்தாள். அவளுக்கு முன்னால் தாள் இல்லை, தாள்தாங்கியும் இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, தலையைத் தூண் பக்கமாகச் சாய்த்து, எதையோ கேட்கக் காத்திருக்கிறவளைப்போல் இருந்தாள். பாடகி அனுபவசாலி. வெறுமை காதில் விழுமுன்னே பாய்ந்து அடியை எடுத்துவிட்டாள். சவிரிமுத்து தொடர்ந்தான். ஆட்டம் போய்க்கொண்டே இருந்தது. வர்ணம் முடியும்வரை மேடையில் ஒரு வயலினும் ஒலிக்கவில்லை. முடிந்ததும் மண்டபம் இடிந்து விழுவதுபோல் கைதட்டல்.

இடைவேளையில் மேடைக்குப் பின்னால் முதலில் வந்தவர் தில்லையம்பலம். ஓர்லாவின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். அவளை விட்டுவிட்டு கணேஸ்வரனிடம் திரும்பி, “வர்ணத்தில வயலின் அந்தமாதிரித் திறம், தம்பி. வாசிச்சது நீரெண்டு ஒரு சனத்துக்கும் விளங்கேல்லை” என்று காதுக்குள் சொல்லிவிட்டு, பிரதம விருந்தினரைக் கவனிக்கப் போனார். கணேஸ்வரன் அவருடைய கோட் முதுகைப் பார்த்தான். இத்தனை வருடமும் இந்தக் காதுகளுக்குத்தான் வாசித்திருக்கிறான். நிறுத்தினாலும் வாசித்ததாகவே கேட்கிற காதுகள்.

“நான் நினைச்சன் உனக்கு அவசரமா ஒண்டுக்கு வந்திட்டுதெண்டு” என்றான் சவிரிமுத்து.

ஓர்லா வந்தாள். தாளை வைத்துக்கொண்டு வாசிக்க முடியாது என்று கடைசி ஒத்திகையிலேயே தெரிந்துவிட்டதாம். அதனால் தாளை வீட்டில் வைத்துவிட்டு, முதலிலிருந்தே தூணுக்குப் பின்னாலிருந்து வருவதைக் கேட்டுத்தான் மெல்லமாக ஒட்டி வாசித்தாளாம். அவன் நிறுத்தியபோது ஏதோ காரணம் இருக்கும் என்று தானும் நிறுத்தினாளாம். “என்ன காரணம்?” என்று கேட்டாள். நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டாள்.

அவன் வாய் திறப்பதற்குள் ஆரணி வந்துவிட்டாள். பாதி கழற்றிய உடுப்பு, கலைந்த மை, மார்பு இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் பேசுவது எப்போதும் ஆங்கிலம்தான். கோபம் வந்தால் மட்டும் தமிழ் வரும்.

“அங்கிள், அது நான் மூச்சு எடுக்கிற இடம்” என்றாள். “ஜதி முடிஞ்சு அந்த வயலின் வரேக்கைதான் எனக்கு மூச்சு. நீங்கள் நிப்பாட்டிட்டீங்கள். நான் மூச்சில்லாமல் ஆடினனான். அம்மா அப்பா ஒருத்தருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.”

இந்தப் பிள்ளையைப் பற்றி அவன் பஸ்ஸில் யோசிக்கவே இல்லை. மண்டபத்தை யோசித்தான், மலரை யோசித்தான், ஐரிஷ்காரியின் பலகைகளை யோசித்தான். ஆடுகிறவள் மூச்சு விட வேண்டும் என்று மட்டும் யோசிக்கவில்லை. “இனி நிப்பாட்டமாட்டன் பிள்ளை” என்றான். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. கல்யாணி கூப்பிட, போய்விட்டாள்.

ஓர்லாவுக்குத் தமிழ் விளங்கவில்லை. ஆனால் நடந்தது என்னவென்று விளங்கிவிட்டது. முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய்த் தூணுக்குப் பின்னால் வைத்துவிட்டு, சுருதிப் பெட்டியை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டாள். முன்னால் பாட்டுக்காரர் இருக்கிற விரிப்பைக் காட்டி, அங்கே போய் உட்காரச் சொன்னாள்.

இதற்கும் கணேஸ்வரனுக்கு எரிச்சல்தான் வந்தது. அவளுக்கு இடத்தைக் கொடுப்பது பெரிய காரியமா? நாளைக்கு இன்னொரு கடையில் இன்னொரு கதிரை இருக்கும். தனக்கு இருந்ததே இந்த ஒரு விரிப்புத்தான். பிச்சை எடுத்ததுபோல் அதைத் திரும்ப வாங்க வேண்டியிருக்கிறது, அதுவும் அதன் விலை தெரியாத ஒருத்தியிடமிருந்து. வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தான். உள்ளே சலங்கைச் சத்தம் கேட்டது. போய் உட்கார்ந்தான்.

திரை விலகியதும் முன்வரிசையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. வெள்ளைக்காரியைக் காணவில்லை. தில்லையம்பலம் பாதி எழும்பி, கண்ணாலும் கையாலும் மேடையை நோக்கிச் சாடை காட்டினார்: பின்னுக்குப் போ, அவளை முன்னுக்கு விடு. பிரதம விருந்தினர் திரும்பிப் பார்த்ததும் உட்கார்ந்து சிரித்தார். மண்டபம் முழுவதும் கணேஸ்வரனைப் பார்த்தது. இதைத்தான் அவன் வேண்டியிருந்தான். அவர்கள் கண்களில் இருந்தது ஒன்றே ஒன்று: இவன் யார், அவள் எங்கே?

சஹானாவில் பதம். பாடகி முதலடியைப் பாடி ஓய்ந்தாள். ஆரணி மேடையின் நடுவில் இருந்து மெல்லப் பின்வாங்கி, அவனுக்குக் கையெட்டும் தூரத்தில் வந்து நின்றாள். கணேஸ்வரன் அடியை எடுத்தான். முன்வரிசையை அவன் பார்க்கவில்லை. தோளுக்குப் பின்னால் யாரோ மிக மெல்லிதாக, அவனைவிட ஒரு மயிரிழை பிந்தி, அதே அடியைத் தொட்டுத் தொட்டு வருவது கேட்டது. சஹானா இல்லை அது. பாதிகூட இல்லை. அவன் திட்டவில்லை, அதற்கு நேரம் இல்லை. வில்லை நீட்டி, கடைசி ஸ்வரத்தைப் பிள்ளைக்குத் தேவையான அளவுக்குப் பிடித்து வைத்தான்.

ஆரணி மூச்சை எடுத்தாள். அது அவனுக்குக் கேட்டது.