தானாக நகரும் அம்பு

சூப்பர்வைசர் தன் மேஜையிலேயே நகம் வெட்டிக்கொண்டிருந்தார். துண்டுகள் கீபோர்டில் சிதறின. ஸ்கிரீனில் மவுஸ் அம்பு தானாகவே நகர்ந்தது. சிகிச்சைச் செலவு கேட்டு யாரோ போட்ட மேல்முறையீட்டு மனு ஒன்று திறந்தது, மெதுவாகக் கீழே உருண்டது, நடுவில் சற்று நின்றது. கடைசியில் அம்பு ‘நிராகரிப்பு’ பட்டனை அழுத்தியது. அடுத்த மனு திறந்தது.

“நடுவுல எதுக்கு சார் நிக்குது?” என்று கேட்டேன்.

“படிக்கிற மாதிரி தெரியணும்ல? இல்லன்னா மேலேருந்து கேள்வி வரும். மவுஸைத் தானா ஓட்ட நானே எழுதின ஸ்கிரிப்ட்மா.” பெற்ற பிள்ளையைக் காட்டுவது போல் காட்டினார்.

அந்த வரிசையில் என் அக்காவின் மனுவும் இருந்தது. அத்தானுக்கு இதய வால்வு மாற்ற வேண்டும். செலவைத் தர முடியாதென்று எங்கள் ஆபீஸ் ஏற்கெனவே ஒருமுறை கைவிரித்துவிட்டது. இதுவும் போனால் வேறு வழியில்லை. சொந்தக்காரர் மனுவை நான் தொடக்கூடாது என்பது ஆபீஸ் விதி. அதனால்தான் இந்த ஆளிடம் பல்லை இளித்துக்கொண்டு வந்திருந்தேன்.

“எங்க அக்காவோடதை மட்டும் நீங்களே படிச்சுப் பாருங்க சார்.”

“ஒண்ணுக்காக நிறுத்தினா எல்லாத்தையும் முதல்லேருந்து ஓட்டணும். விடும்மா, அவங்க தலையெழுத்து.” நகத்துண்டுகளை வாயால் ஊதிவிட்டுச் சாப்பிடப் போனார்.

அவர் எழுதிய லட்சணம் எனக்குத் தெரியும். ஸ்கிரீனில் ஓரிடத்தைக் குறித்துக் கொடுத்திருந்தார், அவ்வளவுதான். அங்கே எந்த பட்டன் இருக்கிறது என்று அது பார்க்காது. ‘நிராகரிப்பு’க்கு இடப்பக்கம் ‘ஏற்பு’. அருவருப்பை அடக்கிக்கொண்டு அவர் மவுஸைத் தொட்டு, விண்டோவை ஒரு பட்டன் அளவு வலப்பக்கம் நகர்த்தினேன். அடுத்தடுத்த மனுக்களும் அங்கேயே திறந்தன. அம்பு பழைய இடத்திலேயே அழுத்தியது. எல்லாம் ஏற்பு. அக்காவுடையதும் அப்படியே போனது, ஒரு வரிகூடப் படிக்கப்படாமல்.

திரும்பி வந்து பார்த்தவருக்கு முகம் வெளிறிவிட்டது. ரத்து செய்ய வேண்டுமானால் காரணம் எழுதித்தர வேண்டும். எழுதினால் ஸ்கிரிப்ட் வெளியே வரும். எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டார்.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள். அழுதாள், சிரித்தாள்.

“அவர் படுற பாட்டையெல்லாம் பக்கம் பக்கமா எழுதியிருந்தேன்டி. யாரோ புண்ணியவான் பொறுமையா உட்கார்ந்து படிச்சிருக்கார். யாருன்னு சொல்லு, நேர்ல வந்து கும்பிடணும்.”

யாருமே படிக்கவில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

“எங்க சூப்பர்வைசர்தான்க்கா,” என்றேன்.