பெயர் ஒட்டிய வேன்

மனிதகுலத்துக்கு நெருப்புக்கு அடுத்தபடியாகக் கிடைத்த பெரிய நன்மை தன்னுடைய கார் ஷோரூம்தான் என்பதில் முதலாளிக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. தகரக் கொட்டகையில் இரண்டு பழைய கார்களோடு தொடங்கியவர். இருபத்தெட்டு வருடத்தில் வட்டாரத்தின் பாதிக் கார்களின் பின் கண்ணாடியில் அவர் பெயர் ஏறிவிட்டது. அது போதாதென்று பஸ் நிறுத்தத்துக் கூரை, பள்ளிக்கூடத் தண்ணீர்த் தொட்டி, மயானத்துச் சிமெண்ட் பெஞ்சு என்று கொடுத்த தானத்திலெல்லாம் பெயர் போட்டார். வெயிலில் மட்டும்தான் எழுத முடியவில்லை. அதற்கும் போக்குவரத்துக் காவலரின் குடையில் எழுதிச் சரிக்கட்டிவிட்டார்.

பொது மருத்துவமனைக்குக் கொடுத்த வேனிலும் பெயர் உண்டு, பின்பக்கத்தில், சாண் உயர ஸ்டிக்கர் எழுத்தில். டயாலிசிஸ் நோயாளிகளை வீட்டிலிருந்து கூட்டிவந்து திரும்பக் கொண்டுவிடும் வேன். போன மழையில் சாக்கடை உடைத்துக்கொண்டு, வண்டிகள் நிறுத்தும் ஸ்டாக் யார்டுக்குள் வந்தபோது சீட் வரைக்கும் தண்ணீரில் நின்ற வண்டி அது என்பது அவருக்கும், ஒர்க்‌ஷாப்பைப் பார்த்துக்கொள்ளும் மைத்துனனுக்கும் மட்டுமே தெரியும். சீட்டை மாற்றி, சென்ட் அடித்து, பளபளவென்று ஆக்கியிருந்தார்கள்.

"ஒயருக்குள்ள செம்பு பச்சை பூத்துரும் மாமா. எங்கயாவது நட்டநடு ரோட்ல நின்னுரும்" என்றான் மைத்துனன் அப்போதே. முதலாளி கேட்கவில்லை என்றதும், "சரி, பேராவது போடாம குடுங்க."

"பேர் போடாம குடுக்கறதுக்கு இதென்ன மொட்டைக் கடுதாசியா? அப்படிக் குடுக்கறவன் ஒண்ணு கூச்சக்காரன், இல்ல ஏதோ தப்புப் பண்ணினவன்."

ஒர்க்‌ஷாப்பே சிரித்தது. சம்பளம் வாங்குகிறவர்கள் சிரிக்க வேண்டிய அளவுக்குச் சிரித்தது.

சனிக்கிழமை காலை ஒரு பெண் வந்தாள். துணிக்கடையில் வேலை பார்ப்பவள். குளிரூட்டிய அறையில், நாற்காலியின் நுனியில், கீழே விழுந்துவிடுவாள் போல உட்கார்ந்தாள்.

"ஐயா, மன்னிப்புக் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். உங்க வேன நாங்க கெடுத்துட்டோம்."

முதலாளிக்குப் புரியவில்லை.

"எங்க வீட்டுக்காரர் கொஞ்சம் கனத்த உடம்பு. இந்த வியாதியில தண்ணி வேற சேந்துக்குது. அவரு ஏறிக் கொஞ்ச தூரந்தான், பாலத்து மேல நின்னு போச்சு. நானும் டிரைவரும் தள்ளினோம். ஒரு மணி நேரம். அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சிருச்சு."

"இப்போ எப்படி இருக்காரு?"

"மூணு நாள் ஐசியூல வச்சிருந்தாங்க. இப்பத் தேவலைங்க." கைப்பையிலிருந்து செய்தித்தாள் மடிப்பு ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள். "தள்ளும்போது உங்க பேர் மேல கை வச்சுட்டேன். இது கையோட வந்துருச்சு. திரும்ப ஒட்டிக்கலாமான்னு தெரியல."

உள்ளே அவர் பெயரின் முதல் எழுத்து, கசங்காமல் இருந்தது.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார். இத்தனை வருடம் விற்றுப் பழகிய வாய், தானாக ஓடியது. "பரவால்லம்மா. வேணும்னா பண்ணீங்க? மெஷின்னா அப்படித்தான். விடுங்க."

மன்னித்துவிட்டார்.

"பெரிய மனசுங்க உங்களுக்கு" என்று கண் கலங்கினாள். வாசலில் டீ கிளாஸோடு நின்ற மைத்துனன், தேவைக்கு மேல் கவனமாகக் கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வெளியேறியதும் முதலாளியால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து வெளியே ஓடினார். அவள் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தாள்.

"அம்மா!"

திரும்பினாள். கும்பிட்டாள்.

"பாத்துப் போங்க" என்றார்.

மறுநாள் ஞாயிறு. ஷோரூமுக்கு விடுமுறை. யார்டில் நின்ற புது வேனின் பின்னால் முதலாளி குந்தியிருந்தார், கையில் மனைவியின் ஹேர் டிரையர். பின் கண்ணாடியில் ஒட்டியிருந்த தன் பெயரின் எழுத்துகளைச் சூடாக்கி நகத்தால் உரித்துக்கொண்டிருந்தார். மைத்துனன் வந்து, ஆடிய பிளக்கை அழுத்திப் பிடித்தான்.

"அக்கா அந்த மெஷினத் தேடுது" என்றான்.

மருத்துவமனைக் காவலாளி வேலைக்குப் புதியவன். "புது வண்டி யாரு குடுத்ததுன்னு எழுதணுமே சார்?"

"எழுத வேணாம். சாவிய மட்டும் உள்ள குடுத்துருப்பா. பழைய வண்டிய நாங்க எடுத்துக்கறோம்."

பழையது மரத்தடியில் நின்றது. மைத்துனன் ஏறிச் சாவியைத் திருப்பினான். ஒரு இருமல், அவ்வளவுதான். முதலாளி பின்னால் போனார். காவலாளியும் தோள் கொடுக்க வந்தான்.

"குடுத்த வண்டி இந்த லட்சணம். அதுல இவ்ளோ பெரிசாப் பேரு. யாரு சார் இந்த ஆளு?"

"தெரியலப்பா" என்றார் முதலாளி.

முதல் எழுத்து இருந்த இடத்தில் பசை மட்டும் ஒட்டியிருந்தது. அதில் ஐந்து விரல் தடம். தன் கையை அதன்மேல் வைத்து, தலையைக் குனிந்து தள்ளினார். வண்டி அசைந்தது. உள்ளங்கைக்கு அடியில் அடுத்த எழுத்தின் ஓரம் மெல்லக் கிளம்பியது.