மழைக்கு விட்ட இடம்

முடிச்சூரில் பில்டர் ஷாகுல் கட்டிய அடுக்குமாடிக்கு நான்தான் வடிகால் இன்ஜினியர். மனையின் தாழ்ந்த மூலையில், மழைத்தண்ணீர் வந்து தங்கி மெல்ல வடிவதற்காக, படி வைத்து ஒரு பெரிய பள்ளம் வெட்டச் சொன்னேன். வீடு பார்க்க வருகிறவர்களுக்காக அதில் லாரித் தண்ணீரை ரொப்பி, நாலு வாத்தும் விட்டுவிட்டார் மனுஷன்.

“சார், இது குளம் இல்ல. காலியா இருந்தாத்தான் வேலை செய்யும். நீங்களே ரொப்பிட்டா மழை எங்க போகும், உங்க பெட்ரூமுக்கா?” என்று கத்தி, அன்றைக்கே மோட்டார் போட்டு இறைக்க வைத்தேன்.

நவம்பரில் பேய்மழை. வழக்கம்போல ஊரே வெள்ளத்துக்குப் பயந்து கார்களை மேம்பாலத்தில் ஏற்றிவிட்டது. நானும் ஷாகுலும் குடையோடு பள்ளத்தின் விளிம்பில் நின்றோம்.

எல்லாத் தெருத் தண்ணீரும் குழாய்களில் இரைந்துகொண்டு வந்து விழுந்தது. புல் மறைந்தது. படிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. மேல் படியைத் தொடப்போன தண்ணீர், யாரோ கை காட்டியதுபோல அங்கேயே நின்றுவிட்டது. நான் பேப்பரில் போட்ட கணக்குதான். ஆனாலும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்களுக்குப் பின்னால் தெரு சும்மா நனைந்து மட்டும் கிடந்தது.

ஷாகுல் செருப்பைக் கழற்றினார். “மாஷா அல்லாஹ், ஜாஸ்மின் மேடம்” என்றார், சத்தமே வராமல். பிறகு போனை எடுத்து டிரைவரிடம், “பாலத்துலேர்ந்து நம்ம காரை எடுத்துனு வந்துடுப்பா” என்றார்.

‘அப்போ நீங்களும் நம்பலையா?’ என்று சுள்ளென்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அவர் காருக்குப் பின்னால்தான் என் காரும் நின்றது.