துணிக்கு அடியில்

உம்மாவை இடது பக்கமாகச் சாய்த்து முதுகைக் கழுவ வேண்டிய நேரம் வந்ததும், ஃபர்ஹத் தண்ணீர்ச் செம்பை மதில்மேல் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

பின்முற்றத்தில் நாலு பக்கமும் போர்வை கட்டி, பள்ளிவாசலிலிருந்து வந்த பலகையில் உம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். ஆசியா உம்மாளுக்கு எழுபத்தெட்டு வயது. பக்கவாதம் வந்து ஒன்றரை வருடமாகப் படுக்கை. இன்று விடியற்காலை சுபுஹு தொழுகைக்குப் பிறகு மூச்சு நின்றது. மதியம் லுஹர் தொழுகை முடிந்து அடக்கம். குளிப்பாட்ட வந்திருந்தவர் ஜுபைதா பீவி. மேலப்பாளையத்துப் பெண்களில் பாதிப்பேரைக் கடைசியாகத் தொட்டது அவர் கைதான். தலைமாட்டில் அக்காள் கனி நின்றாள். குலசேகரன்பட்டினத்திலிருந்து சேதி கேட்ட கையோடு கிளம்பி வந்திருந்தாள்.

“நீ தண்ணி மட்டும் ஊத்து மவளே. ஒன்னால குனிய முடியாது” என்றார் ஜுபைதா பீவி.

ஃபர்ஹத்தின் இடுப்பு விஷயம் தெருவுக்கே தெரியும். கதை எழுதுகிறவள் அவள். இருபது வருடம் உட்கார்ந்து உட்கார்ந்தே எழுதியதில் முதுகெலும்பில் தட்டு விலகிவிட்டது என்று டாக்டர் படத்தைத் தூக்கிக் காட்டினார். குனியக்கூடாது, எடை தூக்கக்கூடாது, அரைமணி நேரத்துக்கு மேல் உட்காரக்கூடாது. அன்றிலிருந்து பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, ஃப்ரிட்ஜ் மேல் லேப்டாப்பை வைத்து நின்றுகொண்டே எழுதினாள். கீழே விழுந்த பேனாவை எடுக்கக்கூட ஒரு திட்டம் போட வேண்டியிருந்தது. அந்த அவஸ்தையையும் இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தாள். எழுத்துக்காரிக்கு எதுவும் வீணாவதில்லை.

அப்போதே கனி வந்து கேட்டாள்: “உம்மாவ எங்கிட்ட விட்டுரு. நீ எழுதிக்கிட்டே கெடப்ப.”

கடைசி வார்த்தைதான் சுட்டது. “நான் பாத்துக்கிடுவேன் லாத்தா. நீ ஒன் வேலயப் பாரு” என்று திருப்பி அனுப்பிவிட்டாள். வீம்புதான், வேறென்ன?

இரண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். நாவலின் கடைசிப் பகுதி ஓடிய மாதத்தில் அது நாலு மணி நேரமாகி, ஆறு மணி நேரமாகி, சில நாள் அதுவும் இல்லாமல் போனது. உம்மாவுக்குப் பேச்சு குழறும். ஆனால் “பெரட்டு” என்ற ஒரு சொல் மட்டும் தெளிவாக வரும். “இந்தா வாரேம்மா, இந்த ஒரு வரி” என்பாள் ஃபர்ஹத். இடுப்பு வலித்தது உண்மை. ஆனால் வலிக்காத நேரத்திலும் அவள் அந்த ஒரு வரியை விட்டு வரவில்லை.

ஒருநாள் விரிப்பில் ஈரம் கண்டு துணியை விலக்கினாள். முதுகு முடிகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குச் சதை கறுத்துக் குழிந்திருந்தது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போட்டு, மேலே துணி வைத்து ஒட்டினாள். டாக்டரைக் கூப்பிட்டால் கனிக்குத் தெரிந்துவிடும். கனி வீடியோ காலில் வரும்போதெல்லாம் உம்மாவின் முகத்தை மட்டும் காட்டினாள். கடைசி மூன்று நாள் அடித்த காய்ச்சல் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும்.

இடுப்பிலிருந்து முழங்கால்வரை மூடிய துணியை எடுப்பதில்லை. துணிக்கு அடியிலேயே கையை விட்டுக் கழுவுவார்கள். ஜுபைதா பீவியின் கை உள்ளே போனது. நின்றது.

“என்ன மாமி?” என்றாள் கனி.

“பஞ்சு காணாது. உள்ள போயி இன்னுங்கொஞ்சம் எடுத்துட்டு வா மவளே.”

கனி போனாள். ஜுபைதா பீவி நனைந்த ஒட்டுத்துணியைக் கைக்குள் சுருட்டி எடுத்து வாளியில் போட்டார். ஃபர்ஹத்தை ஒருதரம் ஏறிட்டுப் பார்த்தார்.

“ஊத்து. பைய ஊத்து.”

குனிய முடியாததால் தண்ணீர் உயரத்திலிருந்து விழுந்தது. ஜுபைதா பீவி தன் கையைக் குறுக்கே நீட்டி அதை வாங்கி மெல்ல உள்ளே இறக்கினார்.

“மாமி, நான் வந்து...”

“எங்கிட்ட எதுவும் சொல்லாத. மய்யித்துல பாத்தது மய்யித்தோட போயிரணும். அதான் எங்க வேல.”

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது ஃபர்ஹத்துக்கு.

கனி கொண்டுவந்த பஞ்சு அத்தனையும் துணிக்கு அடியில் போனது. கற்பூரத்தையும் அன்று வழக்கத்தைவிடக் கூடுதலாகவே தூவினார். கஃபன் துணி சுற்றி முடித்ததும் கனி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“மாமி, முதுகுல புண்ணு கிண்ணு ஏதும் இருந்துச்சா? ரொம்ப நாளாப் படுக்கையில கெடந்தவங்க, அதான் கேக்கேன்.”

ஜுபைதா பீவி கையுறையைக் கழற்றினார். “உம்மா மொகத்தப் பாத்தேல்லா? எவ்வளவு தெளிவா இருக்கு. அத மனசுல வச்சிக்கிடு.”

கனிக்கு அது போதுமாக இருந்தது. குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

ஆண்கள் உம்மாவைச் சந்தூக்கில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். வந்த பெண்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். போகும்போது ஃபர்ஹத்தின் கையைப் பிடித்து, “ஒன்ன மாரி யாரு உம்மாவப் பாத்துக்கிடுவா? ஒனக்கு சொர்க்கந்தான்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் அலமாரியில் சாய்ந்து நின்றுகொண்டே இருந்தாள்.

வீடு காலியானதும் கனி வந்தாள்.

“ஃபர்ஹத், என்ன மன்னிச்சிரு, மனசு பொருந்திக்கிடு. இவளாவது உம்மாவப் பாக்கதாவதுன்னு நாலு பேர்ட்ட சொல்லிட்டேன். எம் மாப்பிள்ளகிட்டயும் சொன்னேன். தப்பு எம்மேலதான்.”

இப்போதே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அக்காளின் முகம் அழுது வீங்கியிருந்தது.

“பொருந்திட்டேன் லாத்தா” என்றாள்.

“காலையிலேருந்து நின்னுக்கிட்டே இருக்க. உம்மாவத் தூக்கித் தூக்கியே ஒன் இடுப்பு போயிட்டு. வா, குப்புறப் படு.”

“வேண்டாம் லாத்தா.”

“படுன்னு சொல்லுதேன்ல.”

மெத்தையைச் சுருட்டிவிட்டிருந்த உம்மாவின் கட்டிலில் கனி பாயை விரித்தாள். ஃபர்ஹத் பைய முழங்காலை ஊன்றிக் குப்புறப் படுத்தாள். கனி பெல்ட்டை அவிழ்த்துவிட்டு, உள்ளங்கையில் தைலத்தை ஊற்றிக்கொண்டாள்.

“இங்கனயா?”

“இல்ல.”

“இங்கன?”

“இன்னும் கீழ, லாத்தா.”

கனியின் கை இறங்கி, முதுகு முடிகிற இடத்துக்கு வந்தது. அங்கேயே அழுத்தி, விடாமல் தேய்த்துக்கொண்டிருந்தாள்.