பட்டப்பகலில் சாத்திய கதவு

சுபாஜினியின் அலுவலக அறைக்கு எல்லாம் வந்துவிட்டது. கதவு மட்டும் வரவில்லை.

கொழும்பில் ஒரு நிறுவனத்தில் புரோகிராமராக இருந்தவள், கேதீஸ்வரனைக் கலியாணம் செய்து சுன்னாகத்துக்குக் கிட்டவுள்ள அவன் ஊருக்கு வந்தபிறகு, வீட்டிலிருந்தே தன்பாட்டில் வேலை செய்யத் தொடங்கியிருந்தாள். நோர்வேயில் ஒரு சின்ன நிறுவனம் பல் வைத்தியர்களுக்காக மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தது. எந்த நோயாளி எப்போது வரவேண்டும், யாருடைய பல்லை யார் பார்ப்பது என்ற சங்கதியெல்லாம் அதற்குள் இருக்கும். அதில் பெரும்பங்கு சுபாஜினியின் கையில்.

கேதீஸ்வரன் தெல்லிப்பழையில் கணக்குப் படிப்பிக்கிற வாத்தியார். ஓகஸ்ட் விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் பூட்டியதும் மனைவிக்கு அறை ஒழுங்குபண்ணுகிறேன் என்று இறங்கினான். குசினிக்குப் பக்கத்தில் சைக்கிளும் உரமூட்டையும் கிடந்த இடத்தைக் கழுவித் துடைத்து, கண்ணுக்குக் குளிர்ச்சி என்று சுவருக்கு இளம்பச்சை அடித்தான். முதுகுக்கும் நாரிக்கும் இதமான கதிரை, கையை நீட்டினால் முழங்கை படியும் உயரத்தில் மேசை, கரண்ட் போனாலும் நிற்காத மின்விசிறி. யன்னலுக்கு நுளம்புவலைகூட அடித்தாயிற்று. இவ்வளவும் செய்துவிட்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் வாசலில் தொங்கிய திரைச்சீலையை விலக்கித் தலையை நீட்டினான்.

"இப்ப உமக்கு வசதியா இருக்கோ?"

"நல்ல வசதி. ஒரு கதவும் இருந்தால்…"

அவனுக்கு அது விளங்கச் சிறிது நேரம் பிடித்தது. பூப்போட்ட அந்தத் திரைச்சீலையை விலக்காதவர்கள் ஊரில் இல்லை. தேங்காய் பறிக்க வந்தவர் தண்ணீர் கேட்டு விலக்குவார். பக்கத்து வீட்டு உதயகலா, "சும்மாதானே இருக்கிறீர், இந்த போனை ஒருக்காப் பாருமன்" என்று விலக்குவாள். மாமி சின்னாச்சியோ விலக்குவதுகூட இல்லை. குசினியில் நின்றபடியே, "பிள்ளை, அடுப்பிலை பால், ஒரு கண் வைச்சுக்கொள்ளு" என்று குரல் கொடுத்துவிட்டு யாரோ வீட்டுக்குப் போய்விடுவாள். நோர்வேக்காரர் தங்கள் நிரலில் எங்கே பிழை என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது சுபாஜினிக்குப் பால் பொங்கும் மணம் வரும்.

காங்கேசன்துறைப் பக்கம் யாரோ பழைய வீட்டை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கேதீஸ்வரன் ஒரு வேப்பமரக் கதவை லான்ட்மாஸ்டர் உழவு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். தச்சுவேலை செய்யும் சுபாஸ்கரன் ஒரு நாள் முழுக்க நின்று அதைச் சீவி, புதுப் பிணைச்சல் அடித்து அறை வாசலில் பூட்டினான். சுபாஜினி உள்ளே போய்ச் சாத்திப் பார்த்தாள். 'டொப்' என்று ஒரு சத்தம், பிறகு அமைதி. இரண்டு கிழமையாக இழுபட்ட வேலை அன்று பின்னேரத்துக்குள் முடிந்துவிட்டது.

வினை அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

அந்த வீட்டில் பகலில் கதவு சாத்தும் பழக்கம் கிடையாது. உடுப்பு மாற்றச் சாத்துவார்கள், இல்லாவிட்டால் சண்டைபிடித்துக்கொண்டு சாத்துவார்கள். சின்னாச்சி சண்டைக்கு வரவில்லை. மருமகளைக் கூப்பிடுவதை மட்டும் நிறுத்திக்கொண்டாள். சாப்பாட்டைப் போட்டு மூடிவைத்துவிட்டு முற்றத்துக்குப் போய்விடுவாள். சுபாஜினி கேட்டால், "உனக்கு வேலை இருக்கும்" என்று பதில் வரும். மூடிய கதவை வேலிக்கு மேலால் பார்த்த உதயகலா அங்கே இங்கே ஒரு சொல் சொல்லியிருக்கவேண்டும். கிழமை முடிவதற்குள், வாத்தியார் வீட்டில் புருஷன் பெண்சாதிக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்று ஊர் முடிவுகட்டிவிட்டது.

சமாதானம் பேச வந்தவர் கேதீஸ்வரனின் பெரியப்பா ஆழ்வாப்பிள்ளை. வெள்ளை வேட்டி கட்டி, விபூதி பூசி, கோயில் வழக்குத் தீர்க்கப் போகிறவர் மாதிரி விறாந்தையில் வந்து அமர்ந்தார்.

"என்ன தம்பி, பிள்ளையோடை ஏதும் கொழுவலோ?"

"ஐயோ பெரியப்பா, அவ வேலை செய்யிறா."

"வேலை எண்டால் கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு செய்யேலாதோ? கொம்மாவின்ரை முகத்தைப் பார். ரெண்டு நாளாச் சாப்பிட்ட முகமே உது?"

உள்ளே சுபாஜினிக்கு எல்லாம் கேட்டது. நோர்வேக்காரர்களுடன் கூட்டம் தொடங்கும் நேரம் வேறு நெருங்கிவிட்டது. கதவைத் திறந்து வெளியே வந்தாள். ஆழ்வாப்பிள்ளை சட்டென்று கூரையைப் பார்த்தார். மாமி நிலத்தில் குந்தியிருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. அந்தக் குனிந்த தலையைக் கண்டதும் சுபாஜினிக்கு வந்த கோபம் எங்கோ போய்விட்டது. இந்த மனுசிக்குத் தான் என்ன செய்கிறேன் என்று ஒருநாளும் காட்டவில்லையே என்று பட்டது.

"மாமி, எழும்பி உள்ளுக்கு வாங்கோ."

"நான் என்னத்துக்கு?"

"வந்து என்னோடை இருங்கோ. ஒண்டும் கதைக்க வேண்டாம்."

முருங்கையிலைச் சுளகோடு சின்னாச்சி உள்ளே போனாள். கதவு மீண்டும் சாத்தப்பட்டது. சமாதானம் பேச வந்தவர் வெளியே!

திரையில் இங்ரிட் என்ற பெண்ணும் அவளுடைய கூட்டாளி ஒருவனும் தோன்றினார்கள். ஒரு பெரிய பல் வைத்தியசாலைக்குப் புதிய வசதி ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார்களாம். சுபாஜினியைக் கேட்காமலே கொடுத்த வாக்கு. வேறு நாளாக இருந்தால், "முயற்சி செய்கிறேன்" என்று சொல்லிவிட்டு நித்திரை முழித்துச் செத்திருப்பாள். இன்றோ மாமி பக்கத்தில் இருந்தாள். மாமிக்கு முன்னால் வளைந்துகொடுக்க அவளுக்கு ஏனோ மனம் வரவில்லை.

"நோ," என்றாள்.

இங்ரிட்டின் முகம் சுருங்கியது. கூட்டாளி கொஞ்சம் சத்தமாகவே பேசினான். சுபாஜினியோ, அவசரத்தில் செய்தால் நோயாளிகளின் விவரம் குழம்பும், அடுத்த மாதம்தான் முடியும் என்று நிதானமாகச் சொல்லி, மறுபடியும் நோ என்றாள். பிறகு இங்ரிட் பெருமூச்சு விட்டு, சரி, அடுத்த மாதம் என்றாள்.

திரை அணைந்தது. சின்னாச்சியின் மடியில் முருங்கையிலை பாதி உருவினபடியே கிடந்தது.

"அந்த மனிசி உன்னை ஏசினவவோ?"

"கொஞ்சம், மாமி."

"ஆனால் நீ ஏலாதெண்டனி."

"ஓம்."

"அவை திரும்பக் கேட்டவையெல்லே? அப்பவும் ஏலாதெண்டனி?"

"ஓம் மாமி."

சின்னாச்சி அதை வாய்க்குள் போட்டு மென்றாள். அவள் தன் ஆயுளில் ஒருவருக்கும் ஏலாது என்று சொன்னதில்லை. ஊரில் கலியாணமென்றால் பலகாரம் சுட அவள்தான். பிள்ளை பிறந்தால் தாய்க்குப் பத்தியச் சரக்கு அரைக்கவும், செத்தவீடென்றால் வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றவும் அவளுக்குத்தான் ஆள் வரும். முழங்கால் வீங்கினாலும் எழும்பிப் போவாள்.

"இஞ்சை நல்ல காத்து வருது," என்றாள் கடைசியில், காலை மெல்ல நீட்டிக்கொண்டு.

வெளியே வந்தபோது ஆழ்வாப்பிள்ளை போய்விட்டிருந்தார். "பெரியப்பா என்ன சொன்னவர்?" என்று சுபாஜினி கேட்டாள். "மாமியும் மருமகளும் ஒண்டாக் கதவைச் சாத்தினால் தனக்கு அலுவல் இல்லையாம்," என்று கேதீஸ்வரன் சிரித்தான்.

அடுத்த நாள் மத்தியானம் சின்னாச்சி பாயும் தலையணையுமாக வந்தாள். சுபாஜினி தட்டச்சிட, அவள் மின்விசிறிக்குக் கீழே முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு படுத்திருந்தாள். அதற்கடுத்த நாளும் அப்படித்தான்.

மூன்றாம் நாள் வெளியே உதயகலாவின் குரல்.

"சின்னாச்சியக்கா! நாளைக்குப் பிள்ளைக்குப் பிறந்தநாள். அரியதரம் சுடவேணும், ஒருக்கா வாங்கோவன்!"

பழக்கத்தில் சின்னாச்சி பாதி எழும்பிவிட்டாள். எழும்பியவள் முழங்காலைப் பிடித்தபடி மருமகளைப் பார்த்தாள். சின்னாச்சி தொண்டையைச் செருமினாள்.

"ஏலாது உதயகலா! நான் இப்ப வேலையிலை நிக்கிறன்!"

சொல்லிவிட்டு வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். வெளியே செருப்புச் சத்தம் தயங்கி நின்று, பிறகு வேலிப் படலைப் பக்கமாகப் போனது.

"கோவிச்சிருப்பாளோ பிள்ளை?"

"கோவிச்சால் நாளைக்குத் தெரியும், மாமி."

அடுத்த நாள் உதயகலா தட்டு நிறைய அரியதரத்தோடு தானே வந்து கதவைத் தட்டினாள். முதல்முறையாக, அந்தக் கதவை ஒருவர் தட்டினார். சின்னாச்சி கதவைத் திறந்து, ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்து, மா கொஞ்சம் இளகிப்போச்சு, மற்றும்படி திறம் என்றாள். உதயகலா அவள் தோளுக்கு மேலால் எட்டி அறைக்குள் பார்த்தாள். பச்சைச் சுவர், கணினி, நிலத்தில் பாய்.

"அக்கா, உள்ளுக்கை இருந்து அப்பிடி என்னதான் செய்யிறியள்?"

"நோர்வேயிலை பல்லு வைத்தியருக்கு அலுவல் பாக்கிறம்," என்றாள் சின்னாச்சி. தட்டை வாங்கிக்கொண்டு, உதயகலாவின் மனம் நோகாதபடி மெதுவாகக் கதவைச் சாத்தினாள்.