முதல் வரி மட்டும்

ரோலர் சூடேற இருபது நிமிஷம் ஆகும். மிஷன் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் காலை ஜெபம் அந்த இருபது நிமிஷத்துக்குள் முடிந்தாக வேண்டும். பாஸ்டர் ஐயா வாசலிலேயே நின்றுகொள்வார். உள்ளே வந்தால் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியாது. பதினோரு பெண்களும் இரண்டு ஆண்களும் ஈரக் கையை ஏப்ரனில் துடைத்தபடி சுவரோரமாக நிற்பார்கள். ஒரு பாட்டு, ஒரு சின்ன ஜெபம், கடைசியில் எல்லோரும் சேர்ந்து விசுவாசப் பிரமாணம்.

அதில் முதல் வரியை, காய்ந்த விரிப்புகளை மடிக்கிற மடிப்பக்கா சத்தமாகச் சொல்வாள். கடவுளை விசுவாசிக்கிறேன் என்று அடிவயிற்றிலிருந்து வரும். அதற்குப் பிறகு உதடு மட்டும் அசையும், சத்தம் வராது. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஞானஸ்நான வகுப்பு எட்டு வாரம். முதல் வாரம் முதல் வரி. இரண்டாவது வாரத்திலிருந்து அவளுக்கு மதிய ஷிப்ட் போட்டுவிட்டார்கள். எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள் என்பதால் புத்தகத்தைப் பார்த்தும் மற்றவர்களோடு ஓட முடியாது. இப்படியே இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது.

"அக்கா வழக்கம்போல முதல் ஸ்டாப்பிலயே இறங்கிட்டாங்க" என்பான் துவைக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிற டிரம்காரன்.

"என் வீடு அங்கதான்டா இருக்கு. நீ கடைசி ஸ்டாப் வரைக்கும் போய்ச் சுத்திட்டு வா" என்பாள். ரோலருக்குள் விரிப்பை விடுகிற நெட்டைதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பாள்.

அன்று யாரும் கேலி செய்யவில்லை. நெட்டை நிற்கிற இடம் காலியாக இருந்தது. ஒரு வாரமாக அவள் மேல்மாடியில் நாலாவது வார்டில் படுத்திருக்கிறாள். வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிச்சம்.

ரோலர் என்பது ஆள் நீளத்துக்கு இரண்டு மடங்கான சுடச்சுட ஒரு இரும்பு உருளை. இந்தப் பக்கம் இரண்டு பேர் ஈர விரிப்பின் முனைகளை இழுத்துப் பிடித்து உள்ளே விட வேண்டும். அந்தப் பக்கம் காய்ந்து, சுருக்கம் போய் வெளியே வரும். அங்கே இரண்டு பேர் வாங்கி மடிப்பார்கள். உள்ளே விடுகிற பக்கத்தில் உருளைக்கு முன்னால் குறுக்காக ஒரு கம்பி. விரல் அதில் பட்டால் இயந்திரம் நின்றுவிடும். விரல்தான் என்றில்லை, விரிப்பு கொஞ்சம் சுருண்டு வந்து தட்டினாலும் நின்றுவிடும். பத்து விரிப்புக்கு ஒரு தடவை நிற்கும். நின்றால் மறுபடி சூடேறக் காத்திருக்க வேண்டும். வார்டிலிருந்து போன் வரும். சூப்பர்வைசருக்குத் திட்டு விழும்.

மூன்று மாசத்துக்கு முன்னால் ஒரு நாள் சூப்பர்வைசர், "அந்தச் சனியனைத் தூக்கிக் கட்டுங்கம்மா" என்றார். நெட்டை ஒரு முடிச்சுப் போட்டாள், அவிழ்ந்துவிட்டது. டிரம்காரன் போட்டான், அதுவும் அவிழ்ந்துவிட்டது. "முடிச்சுன்னா அது மடிப்பக்கா முடிச்சு" என்று அவளைக் கூப்பிட்டார்கள். அவள் ஒரு விரிப்பின் ஓரத்தில் பல்லால் கடித்து இரண்டு விரல் அகலத்துக்குச் சர்ரென்று கிழித்தாள். கம்பியை மேலே தூக்கி, அந்தத் துணியால் சுற்றி இறுக்கிக் கட்டினாள். பிறகு ரோலர் நிற்கவேயில்லை. நெட்டையின் கை உள்ளே போன அன்றும் அது தானாக நிற்கவில்லை. டிரம்காரன் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தான்.

போலீஸ் வருவதற்குள் சூப்பர்வைசர் துணியை வெட்டி எடுத்துவிட்டார். இப்போது கம்பி அதன் இடத்தில் இருக்கிறது. ரோலர் பத்து விரிப்புக்கு ஒரு தடவை நிற்கிறது.

ஜெபம் முடிந்ததும் சூப்பர்வைசர் அவளைச் சோப்பு மூட்டைகள் அடுக்கியிருக்கும் அறைக்குக் கூப்பிட்டார். கையில் ஒரு தாள்.

"நாளைக்கு விசாரணை. இதுல கையெழுத்துப் போட்டுட்டு, அங்க வந்து 'ஆமா'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"என்ன சார் எழுதியிருக்கு?"

"நெட்டை சீக்கிரம் வீட்டுக்குப் போறதுக்காகத் தானே கம்பியக் கட்டிக்கிட்டான்னு."

"அவ கட்டலையே சார்."

"தெரியும்மா. கட்டினது யாருன்னும் தெரியும். உங்க பேரு வரக் கூடாதுன்னுதானே நான் இவ்வளவு பாடுபடறேன்?" குரலைத் தணித்துக்கொண்டார். "உங்க வீட்டுக்காரருக்கு இங்கதானே ரத்தம் சுத்தம் பண்றாங்க? செவ்வாயும் வெள்ளியும். ஒரு பைசா வாங்கறதில்ல. சோறு போடற இடத்துக்கு ஒரு விசுவாசம் வேண்டாமா?"

அவள் தாளை நாலாக மடித்தாள். ஓரத்தோடு ஓரம் பிசகாமல் மடிந்தது. கை அதற்குப் பழகியது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் நாலாவது வார்டுக்குப் போனாள். நெட்டைக்குக் கட்டில் நீளம் போதாமல் கால் கம்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் உயர்த்தி வைத்திருந்தார்கள்.

"விரிப்பு எப்படிக்கா வருது? மடிப்பு கோணலா இருக்கு. நீங்க மடிச்சதில்லன்னு பார்த்த உடனே சொல்லிட்டேன்."

"புதுப் பொண்ணு மடிச்சது. பேச்சைக் குறை, ரெஸ்ட் எடு."

"கம்பிய நான்தான் கட்டினேன்னு சொல்றாங்களாமே, நர்ஸ் சொல்லுது. அப்படி எழுதிட்டா எனக்கு நஷ்டஈடு ஒண்ணும் கிடைக்காதாம். வேலையும் கிடையாதாம்." நெட்டை மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் போட்ட முடிச்சு ஒரு நிமிஷம்கூட நிக்கலையேக்கா. எல்லாரும் சிரிச்சீங்களே."

"சிரிச்சோம்" என்றாள் மடிப்பக்கா. கட்டிலுக்கு வெளியே கிடந்த பாதத்தைப் போர்வையால் மூடினாள். மூடினால் தோள் பக்கம் பற்றவில்லை.

வீட்டில் அவள் புருஷன் ஜன்னலோரம் உட்கார்ந்து, நினைத்தபோது குடிக்கக் கூடாத தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளந்து வைத்த சின்ன பாட்டில் அது. வாரம் இரண்டு நாள் அவரைக் கட்டிப்போடுகிற இயந்திரத்துக்கு அவர் வைத்திருக்கும் பெயர் சின்ன வீடு. "சின்ன வீட்டுக்குப் போயிட்டு வரேன். நாலு மணி நேரம் விடமாட்டா" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். கோயிலுக்கு வருவதில்லை. கடவுளை 'உன் ஆளு' என்பார்.

தாளை வாசித்துக் காட்டினார். வாசித்து முடித்ததும், "கையெழுத்துப் போட்டுடு" என்றார்.

"பொய்யாச்சே."

"உன் ஆளு மன்னிச்சிருவாரு. என் கிட்னி மன்னிக்காது."

அவள் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. வீங்கிய காலை மெதுவாக ஸ்டூல் மேல் தூக்கி வைத்துக்கொண்டார்.

"அவரு இருக்காருன்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா? கண்ணால பார்த்தியா?"

"பார்க்கல."

"அப்புறம்?"

"ரோலருக்கு அந்தப் பக்கம் யாரு நிக்கறாங்கன்னு ஆவியில எனக்குத் தெரியாது. ஆனா ஷீட்டு நேரா வருது. யாரோ பிடிச்சிருக்காங்கன்னுதானே கையை நீட்டறேன்."

"பிடிச்சிருந்தவ விரல்தான் போச்சு" என்றார் அவர்.

அவள் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "எனக்குப் பயமா இருக்குடி" என்றார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதில்லை.

விசாரணை அறையில் மேஜைக்கு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். மேனேஜர் நடுவில், பக்கத்தில் ஒரு வக்கீல், ஓரத்தில் பாஸ்டர் ஐயா. நிறுவனத்தில் எந்தக் கூட்டமும் அப்படித்தான் ஆரம்பிக்கும்: எல்லோரும் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணம் சொன்னார்கள். அவள் முதல் வரியைச் சொன்னாள். பிறகு வாயை அசைக்கவில்லை, சும்மா நின்றாள்.

முதலில் டிரம்காரன். "நான் டிரம் பக்கம் திரும்பி நின்னேன் சார். எனக்கு எதுவும் தெரியாது" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

"இந்தத் தாள்ல இருக்கறது உண்மைதானேம்மா?" என்று மேனேஜர் அவளைக் கேட்டார்.

"இல்ல சார். நெட்டை கட்டல. நான்தான் கட்டினேன்."

வக்கீலின் பேனா நின்றது.

"யாரு சொல்லி?"

"சூப்பர்வைசர் சார் சொன்னாரு. மூணு மாசமாச்சு. எல்லாரும் பார்த்தாங்க. எல்லாரும் பார்த்துக்கிட்டுதான் வேலை செஞ்சோம்."

சூப்பர்வைசர் எழுந்தார். "சார், இந்தம்மாவுக்கு விசுவாசப் பிரமாணமே தெரியாது. இருபத்திரண்டு வருஷமா வாயை மட்டும் அசைச்சு ஏமாத்தறாங்க. வேணும்னா பாஸ்டர் ஐயாவையே கேளுங்க. கடவுளையே ஏமாத்தறவங்க நம்மள ஏமாத்த மாட்டாங்களா?"

மேனேஜர் பாஸ்டரைப் பார்த்தார். "முதல் வரி... நல்லாவே சொல்வாங்க" என்றார் பாஸ்டர்.

"எங்க, முழுசாச் சொல்லுங்கம்மா பார்ப்போம்" என்றார் மேனேஜர்.

அவள் எழுந்து முதல் வரியைச் சொன்னாள்.

"அப்புறம்?"

"அப்புறம் தெரியாது சார். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி வாயை அசைச்சது தப்புதான். ஆனா இந்த வரி எனக்குத் தெரியும். இதைச் சொல்லிட்டு அந்தத் தாள்ல கையெழுத்துப் போட முடியாது. அவரு இருக்காருன்னு வாயால சொல்லிட்டு, இல்லாத மாதிரி எப்படி சார் நடந்துக்கறது?"

வக்கீல் குனிந்து எழுத ஆரம்பித்தார். அவர் நிறைய எழுதுவதைப் பார்த்து, தான் சொன்னதையெல்லாம் எழுதுகிறார் என்று அவள் நினைத்தாள்.

அவர் எழுதிக்கொண்டது, கம்பியைக் கட்டியது தான்தான் என்று அவள் ஒப்புக்கொண்டதை மட்டும்தான். திங்கட்கிழமை கடிதம் வந்தது. இன்னொரு ஊழியர் தன்னிச்சையாகச் செய்த காரியத்தால் நேர்ந்த விபத்து, அதற்கு நிறுவனம் பொறுப்பாகாது என்று அதில் இருந்தது. நெட்டைக்கும் அதே வாசகத்தோடு ஒரு நகல் போயிருந்தது. கீழே இரண்டு வரியில் இவளுடைய பணிநீக்கம். அவள் எழுத்துக்கூட்டிக்கொண்டே வந்து ஒரு வார்த்தையில் நின்றாள். வி, சு, வா, ச, மின், மை. விரலை அதன் மேலேயே வைத்துக்கொண்டு பாஸ்டர் ஐயாவின் அறைக்கு நடந்தாள்.

"வேலையத் திருப்பிக் கேக்க வரலைங்கய்யா. அதுக்கு அழணும்னா நான் வீட்ல அழுதுக்கறேன். இந்த வார்த்தைய மட்டும் அடிச்சுத் தரச் சொல்லுங்க."

"எந்த வார்த்தைம்மா?"

"எனக்கு விசுவாசம் இல்லன்னு எழுதியிருக்காங்க. நான் விசுவாசிக்கிறேன்யா. உங்க முன்னாடிதானே தினமும் சொன்னேன்?"

பாஸ்டர் கடிதத்தை வாங்கிப் படித்தார். "இது அந்த விசுவாசம் இல்லம்மா."

"வேற விசுவாசமும் இருக்கா?"

"இது... நிர்வாகத்து மேல வைக்கிற விசுவாசம்."

"ரெண்டுக்கும் ஒரே எழுத்துதானேய்யா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த அறையில் ஆவி எதுவும் இல்லை. வெகுநேரம் துடைத்தார். பிறகு, "நான் ஜெபம் பண்றேன்மா" என்றார்.

"பண்ணுங்கய்யா" என்று கடிதத்தை வாங்கி நாலாக மடித்துக்கொண்டாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. ரத்தம் சுத்தம் செய்கிற அறைப் பதிவேட்டில் அவள் புருஷன் பேர் இன்னும் இருந்தது. "இன்னிக்கு மட்டும்தான் இருக்குக்கா. வெள்ளிக்கிழமை வந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்று நர்ஸ் வேறு பக்கம் பார்த்துச் சொன்னாள்.

சலவைக்கூடத்துக்கு நேர் மேலேதான் அந்த அறை. அவள் புருஷன் கையை நீட்டிப் படுத்தார். குழாய்களில் ரத்தம் ஏறியது. "சின்ன வீட்டுக்கு இன்னிக்கே விஷயம் தெரிஞ்சு போச்சு போல. என்னா இழுப்பு இழுக்கறா" என்றார். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் விரல் அவள் விரலைத் தேடி வந்து பிடித்துக்கொண்டது.

விரிப்பு ஒரு பக்கம் சுருண்டிருந்தது. அதை இழுத்துச் சரிசெய்து மெத்தைக்கு அடியில் செருகப் போனவளுக்கு, ஓரத்துத் தையல் கைக்குக் கிடைக்கவில்லை. குனிந்து பார்த்தாள். நீளவாட்டில் இரண்டு விரல் அகலத்துக்குத் துணி இல்லை. கிழித்த நூல் புதிதாகப் பிசிறிக்கொண்டிருந்தது.

அவள் தரையில் கால் ஊன்றிக் காது கொடுத்தாள். கீழே ரோலர் ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தை வைத்தே பத்து விரிப்பு எண்ணினாள். இருபது எண்ணினாள். நாற்பது வரை எண்ணினாள். அது ஒரு தடவைகூட நிற்கவில்லை.