இழுப்பறையில் இரண்டு பெயர் அட்டைகள்

2023 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை, காலை எட்டு நாற்பது. வெளியே தூறல். கண் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் அமர்ந்திருந்த இளம்பெண், இழுப்பறையிலிருந்த இரண்டு பெயர் அட்டைகளில் எதை அணிவதென்று பார்த்தாள். ஒன்றில் தந்தையின் குடும்பப் பெயர். மற்றொன்றில் தாயின் குடும்பப் பெயர். பெற்றோர் இருவேறு இனத்தவர். தாயின் நிறமும் தந்தையின் சுருள்முடியும் அவளுக்கு வாய்த்திருந்தன.

வரும் நோயாளி எந்த இனமோ, அந்த அட்டையை அணியவேண்டும் என்பது மேலாளரின் ஏற்பாடு. மூன்றாண்டுகளாக அது பிழையின்றி நடந்தது. ஆறு மாதமாக அவள் சரியாக உறங்கவில்லை என்பது மட்டும் எவர் கவனத்துக்கும் வரவில்லை.

அன்று இரு இனப் பெண்களும் ஒருசேர வந்து நின்றனர்.

“நீ எங்க பக்கத்துப் பொண்ணுதானே?” என்றாள் ஒருத்தி.

“போன வாரம் எங்க பக்கம்னு சொன்னாளே! ஆளுக்கேத்த வேஷமா?” என்றாள் மற்றவள்.

அவள் வாய் திறந்தாள், பெயர் வரவில்லை.

கண்ணாடிப் பிரிவில் பணிபுரியும் அக்கா அவளை உள்ளே அழைத்துச்சென்று தண்ணீர் கொடுத்தாள்.

“ரெண்டு வீட்லயும் நான் விருந்தாளிதான்க்கா. இங்க வந்தா ரெண்டு பேரு. கண்ணை மூடினா நான் யாருன்னே தெரியல.”

“இத்தனை நாளா முழுங்கிட்டா இருந்த? கண்ணு மங்கினா இங்க வர்றாங்கல்ல? மனசு மங்கினா மட்டும் வெக்கப்பட்டுக்கிட்டு வீட்லயே கெடக்கணுமாடி?”

நண்பகலில் அவள் விண்ணப்பம் எழுதினாள்: இரு குடும்பப் பெயர்களும் உள்ள ஒரே அட்டை, மனநல ஆலோசனைக்கு வாரம் ஒரு பிற்பகல் விடுப்பு. மறுத்தால் வேலையை விடுவதாகவும் ஒரு வரி இருந்தது.

“ரெண்டு பேரையும் சேத்துப் போட்டா பேட்ஜ் தோள்பட்டையத் தாண்டிடும்மா,” என்று அதைப் படித்த மேலாளர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

“ரெண்டு பக்கமும் உனக்கு ஆளு. நீ கொடுத்து வெச்சவ.”

“ரெண்டு பக்கமும் பாதி ஆளு சார். முழுசா யாரும் கூப்பிட்டதில்ல.”

மறுப்பு எழுதப் படிவத்தை எடுத்தார். முதல் கட்டத்தில், பழக்கத்தால், தந்தைவழிப் பெயரை எழுதினார். அவள் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, படிவத்தைக் கிழித்தார். அடுத்த படிவத்தில் தாய்வழிப் பெயர். அதையும் கிழித்தார். மூன்றாவது படிவத்தின்மேல் பேனா நின்றது.

“உன் பேரை எப்படிம்மா எழுதணும்?”

மூன்றாண்டுகளில் அவர் அதைக் கேட்டது அதுவே முதல் முறை. அவள் சொன்னாள், அவர் எழுதினார். முழுப் பெயரும் அந்தக் கட்டத்துக்குள் அடங்கியது.

“வர்றவங்க நிம்மதிக்காக உன்னைக் கூறு போட்டுட்டேன்மா. ஒருத்தர் யாருங்கறத அவங்கதான் சொல்லணும். மத்தவங்க கேட்டுத் தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்.”

‘அனுமதிக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்திட்டு, தாளை அவளிடம் கொடுத்தார்.